சிட்டியைத் தள்ளி எடுத்து மகளைப் பெங்களூருக்கு அனுப்பலாமா?

கேள்வி: சார், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகள் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்தில் பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை உண்டு என்கிறாள். ஆனால் தங்க, சாப்பிட இப்போதே பணம் வேண்டுமே? கேரள அரசின் நிதி நிறுவனமான கேஎஸ்எஃப்இயில் ஒரு லட்ச ரூபாய் சிட்டி (சீட்டு) இருக்கிறது. மாதம் 2,500 வீதம் நாற்பது மாதம். பத்து தவணை கட்டியாயிற்று. அதை ஏலத்தில் தள்ளி, அதாவது ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, முன்கூட்டியே எடுக்கலாமா? இதற்கிடையில், 18,000 கட்டினால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆராய்ச்சிப் பயிற்சி, சான்றிதழ் என்று ஒரு கம்பெனி மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. அது போதாதா? பி.டெக். இரண்டாம் வருடம் படிக்கும் மகனும் அடுத்த வருடம் இதையே கேட்பான்.

பதில்: முதலில் அந்த 18,000. கட்டாதீர்கள். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், நாடு முழுக்க விண்ணப்பித்தவர்களோடு போட்டியிட்டு உங்கள் மகள் இடம் வாங்கியிருக்கிறாள். ரயில் கட்டணமும் கொடுத்து, உதவித்தொகையும் கொடுத்து அவளை அழைக்கிறார்கள். அதை விட்டுவிட்டுப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவது எதற்கு? சில அரசு ஆய்வகங்கள்கூடப் புராஜெக்ட் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகை அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும், நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். வாட்ஸப்பில் வந்து "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது சிட்டி. நீங்கள் பணம் இல்லாதவர் அல்ல. மூன்று நான்கு மாதத்துக்குக் கைமாற்று தேவைப்படுபவர். பெங்களூரில் மகளிர் விடுதி, சாப்பாடு, முன்பணம், பஸ் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு முப்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகமே விடுதி கொடுத்தால் இதில் பாதிகூட ஆகாது. இதற்காக ஒரு லட்ச ரூபாய் சிட்டியை 30 சதவீதம் தள்ளி எடுத்தால் கையில் வருவது 70,000. முப்பதாயிரம் தேவைக்கு முப்பதாயிரத்தை விட்டுக்கொடுப்பதா? மற்றவர்கள் தள்ளும் தொகையிலிருந்து உங்கள் தவணையில் கழியும் லாபப் பங்கைக் கணக்கில் சேர்த்தாலும் கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு, மிச்சத் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள். சம்பளச் சான்றிதழ் உள்ள சொந்தக்காரரைத் தேடி அலைய வேண்டும். கடைக்காரருக்கு அதுதான் பெரிய தலைவலி.

அதைவிட, வீட்டில் இருக்கும் நகையில் ஒன்றைக் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். 12 சதவீத வட்டி என்றே வைத்தாலும் முப்பதாயிரத்துக்கு மாதம் 300. நான்கு மாதத்துக்கு 1,200. உதவித்தொகை வந்ததும் மீட்டுவிடலாம். நகையை வைக்க வீட்டில் மனமில்லை என்றால், சிட்டியை எடுக்காமலே அதன் பேரில் கடன் தரும் வசதி கேஎஸ்எஃப்இயில் இருக்கிறது. கிளையில் வட்டியைக் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏன் நான்கு மாதம் என்கிறேன்? இப்படிப்பட்ட திட்டங்களில் பல இடங்களில் வேலை முடிந்து, அறிக்கை கொடுத்து, வழிகாட்டி கையெழுத்துப் போட்ட பிறகுதான் முழுப் பணமும் வரும். பணம் எப்போது வரும், விடுதி உண்டா, எந்த வகுப்பு ரயில் டிக்கெட் வரை தருவார்கள் என்று மகளையே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பல்கலைக்கழகத் தேர்வு அந்த இரண்டு மாதத்துக்குள் விழுமா என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விடுதி முன்பணம் கட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த மைனர் கணக்கையே பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பதினெட்டு முடிந்ததும் புதுக் கையெழுத்து, கேஒய்சி கொடுக்காவிட்டால் அந்தக் கணக்கு முடங்கிக் கிடக்கும். ஆதார், பான் அட்டையோடு மகளைக் கிளம்பும் முன்பே வங்கிக்கு அனுப்புங்கள். வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகையை மகள் வாங்குகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கினால், வருடம் 80,000 ரூபாயில் 20,000 கோடைகால ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. இந்த வேலையின் அறிக்கை அதற்கும் உதவலாம், கல்லூரியில் கேளுங்கள்.

மகனுக்கு இன்ஸ்பயர் கிடையாது, அது அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. ஆனால் அகாடமித் திட்டம் பொறியியல் மாணவர்களுக்கும் உண்டு. தீபாவளி சமயத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், மார்ச்சில் விழித்தால் ஆகாது. ஐஐடி மெட்ராஸ் கோடைத் திட்டம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அப்புறம், உங்கள் மாவட்டத்திலேயே, கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐஐடி இருக்கிறதே! அங்குள்ள பேராசிரியர்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று படித்துவிட்டு, பிடித்த ஒருவருக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். உதவித்தொகை இல்லாமல் சேர்த்துக்கொண்டால்கூட அனுப்பலாம். செலவு பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான், அதற்கு எந்தச் சிட்டியையும் தொட வேண்டாம்.