அத்தப்பூவும் அஸர் தொழுகையும்: கேள்வி பதில்

2011 கணக்கெடுப்புப்படி குமரி மாவட்டத்தில் நூறு பேரில் நாலு பேர்தான் முஸ்லிம்கள். மீதியில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி. அதனால் வருஷத்தில் பாதி நாள் யாரோ ஒருவருடைய கொண்டாட்டம் நம் வாசலில் நிற்கும். அது பற்றி வந்த கேள்விகள் இவை. ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு சட்ட வழிகளையும் (மத்ஹபுகளை) பின்பற்றுவோர் கலந்து வாழும் ஊர் என்பதால், சட்டம் பிரியும் இடத்தில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: காலேஜ்ல ஓணத்துக்கு அத்தப்பூ போட்டி. செட்டுப் புடவை கட்டிட்டு வரச் சொல்லுதாங்க. வாப்பா கூடவே கூடாதுங்காங்க. பூ போடுததுல என்ன தப்பு உஸ்தாத்?

வாப்பா ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. மதீனாவுக்கு வந்த நபியவர்கள், அங்கே இருந்த இரண்டு விளையாட்டு நாட்களுக்குப் பதிலாக இரு பெருநாட்களை அல்லாஹ் தந்திருக்கிறான் என்றார்கள். 'ஒரு கூட்டத்துக்கு ஒப்பாகிறவர் அவர்களைச் சேர்ந்தவர்' என்ற ஹதீஸும் (நபிமொழி) இருக்கிறது. இரண்டும் அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளவை. கடுமையாகச் சொல்லும் ஆலிம்கள் இவற்றை வைத்தே சொல்கிறார்கள். ஒரு மதத்தின் தனி அடையாளம் வேறு, ஊருக்கே பொதுவாகிப்போன வழக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் ஆலிம்களும் உண்டு.

ஓணத்தைப் பிரித்துப் பாருங்கள். களிமண்ணில் கூம்பு மாதிரி ஓணத்தப்பன் செய்து, விளக்கேற்றி, அடை படைப்பது வழிபாடு. அதில் கை வைக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை. முற்றத்தில் பூவைக் கிள்ளி வட்டம் வட்டமாக நிரப்பி மார்க் வாங்குவது கைவேலை. தடுமாற்றம் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று டிசைன்: மாவேலி தலையில் வாமனன் கால் வைப்பது, சாமி உருவம் இவையெல்லாம் குழு பேசும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வட்டம், நட்சத்திரம், படகு போதும். இன்னொன்று நடுவில் வைக்கிற குத்துவிளக்கு. அதை ஏற்றும்போது ஓரமாக நின்றுகொள்ளலாம், அதற்குச் சண்டை தேவையில்லை. செட்டுப் புடவை கேரளத்துத் துணி, மத அடையாளம் அல்ல. முழுக்கை ஜாக்கெட், இடுப்பு தெரியாமல் பின், தலையில் மக்கனா என்று இருந்தால் துணியில் குற்றமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் வாப்பாவுக்கு மனசு வரவில்லை என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள். போட்டி கடமை இல்லை.

யாரும் கேட்காத ஒன்று நேரம். ஆவணியில் நம் பக்கம் லுஹர் (நண்பகல் தொழுகை) பன்னிரண்டே காலைத் தாண்டித் தொடங்கும். ஷாஃபி கணக்கில் மூன்றரைக்குள் அஸர் (பிற்பகல் தொழுகை) நுழைந்துவிடும், ஹனஃபிக்கு நாலரை தாண்டிவிடும். ஜட்ஜ் வர மூணு மணி ஆகும். பூ போட்ட கையோடு லுஹர் போய்விடுகிறது.

குளச்சல், கிறிஸ்தவ சகோதரி: கூட வேலை பாக்குற முஸ்லிம் அக்கா கிறிஸ்துமஸ் கேக்கை வாங்கி வச்சுக்கிடுவாங்க, சாப்பிட மாட்டாங்க. எங்களைத் தப்பா நினைக்காங்களோ?

தப்பாக நினைக்கவில்லை. அவருக்குச் சந்தேகம் ரம் மீதுதான். பிளம் கேக்குக்குப் பழத்தைப் பல நாள் முன்பே ரம்மிலோ பிராந்தியிலோ ஊறப்போடும் வழக்கம் உண்டு. மதுவே அசுத்தம் என்பதால், அடுப்பில் ஆவியாகிவிட்டது என்ற பதில் எங்கள் சட்டத்தில் செல்லாது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்த பழத்தில் ஒரு கேக்கைத் தனியாகச் செய்யுங்கள், அல்லது பேக்கரியில் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மேலே ஜெல்லியோ மார்ஷ்மெல்லோவோ இருந்தால் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்ற கேள்வியும் வரும், அதைத் தவிர்ப்பது லேசு. முட்டை, வெண்ணெய் எல்லாம் பிரச்சினை இல்லை. 'ரம் சேர்க்கல அக்கா' என்ற ஒரு வார்த்தையோடு கொடுத்துப் பாருங்கள்.

பிரியாணி கொடுப்பதானால் கறியை அவர் வழக்கமாக வாங்கும் கடையிலேயே வாங்கிவிடுங்கள். ஓண சத்யா சைவ விருந்து, அதில் முறைப்படி அறுத்த கறியா என்ற பிரச்சினையே இல்லை. போளியும் பாயசமும் தாராளமாகச் சாப்பிடலாம்.

திருவிதாங்கோடு: மகளுக்குக் காலையில நிக்காஹ், சாயங்காலம் ஆடிட்டோரியத்துல ரிசப்ஷன். மேக்கப் போட்டுட்டா ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்ய முடியாதுன்னு மஃரிபைக் (அந்தித் தொழுகை) கழா (நேரம் தவறிப் பிறகு தொழுவது) ஆக்கிடலாம்ங்கா. என்ன செய்யது?

இது கேக்கை விடப் பெரிய கேள்வி. கேக்கில் ரம் இருக்கிறதா என்று துருவுகிற நாம், மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மஃரிபு போனதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

முடிச்சு மஃரிபில் மட்டும்தான். சூரியன் விழுந்ததிலிருந்து இஷா (இரவுத் தொழுகை) வரை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இஷாவை வீட்டுக்குப் போய் மேக்கப்பைக் கழுவிவிட்டுத் தொழலாம், சுபுஹு (அதிகாலைத் தொழுகை) நேரம் வரும்வரை அதற்கு நேரம் இருக்கிறது. ஆகவே மணமகள் செய்ய வேண்டியது: அஸர் பாங்கு சொன்னதும் ஒளு செய்து தொழுதுவிட்டு, அந்த ஒளுவோடு மேக்கப்புக்கு உட்காரட்டும். அதே ஒளுவில் மஃரிபையும் தொழுதுவிடலாம். பெண் பியூட்டிஷியன் தொடுவதால் ஒளு முறியாது. கழிப்பறைத் தேவையை அஸருக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் மேடை. ஷாஃபி சட்டத்தில் கணவனின் தோல் மனைவியின் தோலில் நேராகப் பட்டால் இருவருக்குமே ஒளு முறியும். காலையில் நிக்காஹ் ஆகிவிட்டதே என்பதால் இது மாறாது. கைகோத்து நுழைவது, மோதிரம் போடுவது எல்லாவற்றையும் மஃரிபு முடிந்த பிறகு வைக்கச் சொல்லி போட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இடையில் துணி இருந்தால் முறியாது. ஹனஃபிகளுக்குத் தொட்டாலே முறியும் என்ற சட்டம் இல்லை.

அப்படியும் முறிந்துவிட்டால் முகத்தைக் கழுவத்தான் வேண்டும். மேக்கப் காசு போகிறதே என்று தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தடவுவது) செய்ய முடியாது. நெயில் பாலிஷும் ஒட்டு நகமும் தண்ணீரைத் தடுக்கும், அவற்றை அன்று போடாமலிருப்பதே நல்லது. மருதாணிச் சிவப்பு வெறும் நிறம், தடையில்லை. கொண்டையையும் பூவையும் கலைக்க வேண்டாம்: ஷாஃபியில் தலை எல்லைக்குள் சில முடியை ஈரக்கையால் தடவினாலே போதும், ஹனஃபியில் தலையில் கால்பங்கு. அதற்காகக் காதுக்கு மேலே ஓரிடத்தில் ஸ்பிரே அடிக்காமல் விடச் சொல்லுங்கள்.

மண்டபம் புக் பண்ணும்போது சாப்பாட்டு ஹாலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை கேளுங்கள், பாய் நாம் கொண்டுபோகலாம். கிப்லாவையும் (தொழும்போது நோக்கும் கஅபா திசை) குறித்து வையுங்கள். அவசரத்தில் நேர் மேற்கே நின்றுவிடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலைப் பக்கத்திலிருந்து கஅபா மேற்கிலிருந்து 24 பாகை அளவு வடக்கே திரும்பி இருக்கிறது. சுவரில் ஒரு அம்புக்குறி ஒட்டினால் போதும்.

சென்னையில் வேலை, ஊர் தேங்காய்ப்பட்டணம்: கேரளாவில பிறை பார்த்தா ஊர்ல பெருநாள். இங்க தலைமை காஜி மறுநாள்னு அறிவிக்காங்க. கவர்மெண்ட் லீவும் மறுநாள்தான். நான் யார் கூட?

பிறை தெரிகிற எல்லை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது ஷாஃபி சட்டம். குமரியில் பல ஜமாஅத்துகள் கேரளத்துப் பிறையை எடுத்துக்கொள்வதற்கு நெருக்கமும் பழைய திருவிதாங்கூர் வழக்கமும் காரணம். உங்களுக்கு விதி எளிது: அந்த நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரோடு சேர்ந்துகொள்ளுங்கள். நோன்போடு ஊர் வந்து இறங்கினீர்கள், அங்கே பெருநாள் என்றால் நோன்பை விட்டுவிட வேண்டும். பெருநாளன்று நோன்பு ஹராம். எண்ணிப் பார்த்து 28 நோன்புதான் ஆகியிருக்கிறது என்றால் பிறகு ஒன்றைக் கழா செய்யுங்கள், மாதம் 29-க்குக் குறையாது. மாறாக ஊரில் பெருநாள் கொண்டாடிவிட்டு நோன்பு இருக்கும் ஊருக்கு அன்றே போய் இறங்கினால், அவர்களோடு மீதி நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

லீவுக்கு இரண்டு நாளையும் குறிப்பிட்டு முன்பே எழுதிக்கொடுத்துவிடுங்கள், பிறகு ஒன்றை ரத்து செய்யலாம். பிறை தெரிந்த ராத்திரி எட்டு மணிக்கு மேனேஜரைக் கூப்பிட்டால் எந்த மேனேஜருக்கும் எரிச்சல்தான் வரும்.

தக்கலை, இல்லத்தரசி: பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் தந்து விடுதாங்க. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு குர்பானி கறி அவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு மாமி சொல்லுதாங்க. மனசு கேட்கல.

மாமி சொல்வது ஷாஃபி நூல்களில் உள்ளது. இப்னு ஹஜர், ரம்லீ போன்ற பிற்கால இமாம்கள் உள்ஹிய்யா (குர்பானி) கறியை முஸ்லிம் அல்லாதவருக்குக் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். ஆனால் இமாம் நவவி 'மஜ்மூஉ' நூலில், நேர்ந்துகொள்ளாத சுன்னத்தான உள்ஹிய்யாவிலிருந்து கொடுக்கலாம் என்பதே மத்ஹபின் போக்கு என்று எழுதியிருக்கிறார். ஹனஃபியில் கொடுக்கலாம் என்பது வெளிப்படை. நேர்ச்சையான குர்பானி என்றால் ஷாஃபியில் நீங்களே கூடச் சாப்பிட முடியாது, அது முழுவதும் ஏழைகளுக்கு.

பேணுதலாக நடக்க நினைத்தால், முந்தின நாளே கடையில் இரண்டு கிலோ கறி தனியாக வாங்கி, வேறு சட்டியில் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். அண்டைவீட்டாருக்கு விருந்து, மாமிக்கும் மனவருத்தம் இல்லை. பிரிட்ஜில் இரண்டு பொட்டலமும் கலந்துபோவதுதான் வழக்கமான தவறு, கவரில் எழுதி வையுங்கள். மாட்டுக்கறி சாப்பிடாத வீடா என்று கேட்காமல் கொடுத்து அனுப்புவது சட்டப் பிரச்சினை அல்ல, மரியாதைப் பிரச்சினை.

உறவை முறிக்கச் சொல்லும் மார்க்கம் இது இல்லை. இணைவைத்துக்கொண்டிருந்த தாய் வந்தபோது உறவைப் பேணச் சொல்லி நபித்தோழி அஸ்மா நாயகிக்கு நபியவர்கள் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

இடலாக்குடி: பேரனுக்கு முதல் பிறந்தநாள். மருமகன் ஹால் எடுத்து கேக் வெட்டப் போறார். தடுக்கவா?

பிறந்தநாள் வழக்கம் பிற சமூகத்தாருடையது என்று தடுப்பவர்களும், வழிபாட்டு அர்த்தம் இல்லாததால் விடுபவர்களும் உண்டு. நான் கேட்பது வேறு: அகீகா (குழந்தை பிறந்ததற்காக ஆடு அறுத்துக் கொடுப்பது) கொடுத்தாயிற்றா? அதை ஏழாம் நாள் கொடுப்பது நபிவழி. விட்டுப்போனால் ஷாஃபியில் பருவமடையும் வரை தகப்பனுக்கு நேரம் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, முடி எடையளவு வெள்ளி தர்மம். எலும்பை உடைக்காமல் மூட்டோடு பிரித்து, கொஞ்சம் இனிப்பு சேர்த்துச் சமைப்பது நல்லது. வெள்ளாடு என்றால் ஷாஃபியில் இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும், ஹனஃபியில் ஒரு வயது. 'கிடாய் நல்லா இருக்கு' என்று பத்து மாதக் குட்டியைக் கட்டிவிடுவார்கள். வாயைத் திறந்து பாருங்கள்: பெரிய முன்பல் இரண்டு இருந்தால் ஒரு வயது தாண்டியது, நாலு இருந்தால் இரண்டு வயதை ஒட்டியது. வளர்த்தவரிடம் ஈன்ற மாதத்தையும் கேளுங்கள். ஹாலுக்குக் கொடுக்கும் காசு இரண்டு ஆட்டுக்கு வரும் என்று மருமகனிடம் ஒரு வார்த்தை போடுங்கள்.

நாகர்கோவில், கடைக்காரர்: கணக்கு மார்ச் 31-ல முடியும். ஜக்காத்தையும் (கட்டாய தர்மம்) அப்பவே பார்க்கிறேன். சரியா?

ஜக்காத்துக்கு ஹிஜ்ரி (பிறை) வருஷம்தான் கணக்கு, அது 354 நாள். ஆங்கில வருஷம் 11 நாள் கூடுதல். அதே 2.5 சதவீதம் கொடுத்தால் 33 வருஷத்தில் ஒரு வருஷ ஜக்காத் காணாமல் போகும். மார்ச் கணக்கு விட முடியாது என்றால் 2.577 சதவீதமாகப் போடுங்கள்: பத்து லட்சத்துக்கு 25,000 அல்ல, 25,770. சரக்கை வாங்கின விலையில் இல்லாமல் அன்றைய விற்பனை விலையில் மதிப்பிடுங்கள். ரமலான் 1 என்று ஒரு நாளை வைத்துக்கொள்வது இதைவிட லேசு.

கருங்கல்: ரேஷன் பொங்கல் தொகுப்பு வாங்கலாமா? ஆபீஸ் சமத்துவப் பொங்கல்?

தொகுப்பு அரிசி கார்டுதாரர் எல்லோருக்கும் அரசு கொடுப்பது. அண்மை ஆண்டுகளில் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, ஒரு கரும்பு. வாங்கி அரிசியில் ஆப்பம் சுடுங்கள். ஆபீஸ் பொங்கலில் சூரியனுக்குப் படைத்துச் சூடம் காட்டும்போது ஒதுங்கியிருங்கள். படைத்த இலையை விட்டுப் பானையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குலசேகரம், ஆசிரியர்: மத்ரஸா முற்றத்தில தேசியக் கொடி ஏற்றலாமா?

ஏற்றலாம். அது மரியாதை, வணக்கம் அல்ல.

தக்கலை: பீர்முகமது அப்பா தர்கா ஆண்டுவிழாவுக்கு நேர்ச்சை வைத்தேன். இப்போ தம்பி அது ஷிர்க்குங்கான் (இணைவைப்பு).

வார்த்தையை நினைவுபடுத்துங்கள். 'அல்லாஹ்வுக்காக, பீர்முகமது அப்பா தர்கா வாசலில் ஏழைகளுக்குச் சோறு கொடுப்பேன்' என்றால் அது நேர்ச்சை, நிறைவேற்ற வேண்டும். 'அப்பாவுக்கு ஆடு தருகிறேன், எனக்குக் குழந்தை கொடுங்கள்' என்ற எண்ணத்தில் சொன்னது செல்லாது, தவ்பா செய்யுங்கள் (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளுங்கள்). நேர்ச்சை அல்லாஹ்வுக்கு மட்டுமே. பீர்முகமது அப்பா எழுதிய ஞானப்புகழ்ச்சி பாடும் இரவு பற்றி உங்கள் தம்பியோடு சண்டை போடுவதால் ஒன்றும் தீராது, நூற்றாண்டுகளாக இரண்டு கருத்தும் இருக்கிறது. விடிய விடியக் கேட்டுவிட்டு சுபுஹை விட்டுத் தூங்கினால் மட்டும் தம்பி பேச்சில் நியாயம் வந்துவிடும்.

நாகர்கோவில், பிளஸ் டூ மாணவன்: வெள்ளிக்கிழமை காலையில திருவனந்தபுரம் டூர். ஜும்ஆவுக்குப் (வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகை) பதிலா லுஹரையும் அஸரையும் ஜம்உ (சேர்த்துத் தொழுவது) பண்ணலாமா?

முடியாது. ஷாஃபியில் பயணச் சலுகைக்கு ஏறக்குறைய 82 கிலோமீட்டர் வேண்டும், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 அளவுதான். ஹனஃபியில் ஹஜ் தவிர ஜம்உவே இல்லை. ஷாஃபியில் ஜும்ஆ கடமையானவர் வெள்ளி சுபுஹு நேரம் வந்தபின் பயணம் கிளம்புவதும் கூடாது, வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்றால் ஒழிய. ஆகவே வழியில் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாளையம் ஜும்ஆ பள்ளி நகரின் நடுவிலேயே, தேவாலயத்துக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் பக்கத்தில் இருக்கிறது. மிருகக்காட்சிசாலை போகிற வழிதான். பன்னிரண்டே காலுக்கு அங்கே பஸ் நிற்கும்படி டூர் பொறுப்பாசிரியரிடம் புதன்கிழமையே சொல்லிவிடு தம்பி. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறினபிறகு சொன்னால் டிரைவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.