எஸ்ஸவீராவைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் உள்ள பழைய துறைமுக நகரமான எஸ்ஸவீராவைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: குடும்பத்துடன் மொராக்கோ செல்லவிருக்கிறோம். எஸ்ஸவீராவுக்கு மராகேஷிலிருந்து காலையில் சென்று மாலையில் திரும்பும்படி பயண ஏற்பாட்டாளர் திட்டம் கொடுத்திருக்கிறார். நகருக்குள் வழிகாட்டியுடன் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இது போதுமா?
– வாசகி, சேலம்

பதில்: போதாது அம்மா. மராகேஷிலிருந்து எஸ்ஸவீரா ஏறக்குறைய 190 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இடையில் ஆர்கான் எண்ணெய் எடுக்கும் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வண்டியை நிறுத்துவார்கள். கல்லின் மேல் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் உடைத்துப் பருப்பெடுக்கும் அந்த வேலையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் ஊருக்குள் நுழையும்போது உச்சிவேளை ஆகிவிடும். மராகேஷிலிருந்து கிளம்பிய மற்ற வண்டிகளும் அதே நேரத்தில்தான் வந்து சேரும். ஓர் இரவாவது தங்கும்படி திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். மதில்கள் மேற்கே கடலைப் பார்த்து நிற்பதால் சூரியன் மறையும் நேரத்தில்தான் அந்த ஊருக்கு முழு அழகு வருகிறது. அந்நேரத்தில் ஒரு நாள் பயணிகள் பாதி வழி திரும்பியிருப்பார்கள்.

வழியில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. ஆர்கான் மரத்தில் ஆடுகள் தாமாக ஏறிக் காய் தின்பது உண்மையே. ஆனால் சாலையோரம் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரே மரத்தில் கிளைக்கு ஒன்றாக அசையாமல் நிற்கும் ஆடுகள் படம் பிடிப்பதற்காகவே ஏற்றி நிறுத்தப்பட்டவை. அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும்போது எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்? நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத்தெருவைவிட ஊரின் கதைதான் எனக்கு முக்கியம்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: துறைமுகத்தில் தொடங்குங்கள் ஐயா. மற்ற பல மொராக்கோ நகரங்களைப் போலச் சந்து சந்தாகத் தானே வளர்ந்த ஊர் அன்று எஸ்ஸவீரா. ஓர் அரசர் வரைபடம் போட்டுக் கட்டிய துறைமுகம் அது. சுல்தான் சிதி முகம்மது பின் அப்துல்லா, அயல்நாட்டு வணிகம் முழுவதும் தம் பார்வையின் கீழ் ஒரே இடத்தில் நடக்க வேண்டும், சுங்க வருவாய் நேரே கருவூலத்துக்கு வந்து சேர வேண்டும் என்று எண்ணி, 1760-களில் இந்நகரை எழுப்பினார். தெற்கே இருந்த அகாதிர் துறைமுகத்தின் வணிகத்தை நிறுத்தி, அதையும் இங்கே திருப்பினார். நகரின் திட்டத்தை வரைந்தவர் தியோடோர் கோர்னூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர். பழைய நகரான மதீனாவுக்குள் தெருக்கள் நேராக ஓடுவதும், ஒரு கோடியில் நின்றால் மறுகோடி வாயில் தெரிவதும் அதனால்தான்.

துறைமுகத்தில் நீல வண்ணம் பூசிய மீன்பிடிப் படகுகளைப் பார்த்துவிட்டுக் கடல் வாயிலின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அதன் நெற்றியில் ஹிஜ்ரி 1184, அதாவது 1770–71 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டியவர் இஸ்லாத்தைத் தழுவிய ஓர் ஆங்கிலேயர் என்றும், அவரை 'அகமது எல் இங்கிலீசி' என்று அழைத்தார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். அங்கிருந்து மூலே ஹசன் சதுக்கத்தைக் கடந்து ஸ்கலா என்னும் கடற்கொத்தளத்துக்குச் செல்லலாம். அங்கே வரிசையாக நிற்கும் வெண்கலப் பீரங்கிகளில் பல ஸ்பெயினில் வார்க்கப்பட்டவை. சிலவற்றில் பார்சிலோனா என்ற பெயரை நீங்களே படிக்கலாம். இவ்வளவு பீரங்கிகள் இருந்தும், 1844 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை இந்நகரைக் குண்டுவீசித் தாக்கிற்று.

கொத்தளத்தின் மேல் நிற்கும்போது துறைமுகத்துக்கு அப்பால் கிடக்கும் மொகதோர் தீவைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்ஸவீராவின் பழைய பெயரும் மொகதோர்தான். சுல்தானுக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையைச் சேர்ந்த பினீசிய வணிகர்கள் அத்தீவில் இறங்கியதற்கு அகழாய்வில் பானை ஓடுகள் சான்றாகக் கிடைத்துள்ளன. பிறகு வட ஆப்பிரிக்காவின் இப்பகுதியில் அன்று இருந்த மௌரித்தானியா அரசை ஆண்ட இரண்டாம் ஜூபா மன்னர், முட்சங்கிலிருந்து ஊதாச் சாயம் எடுக்கும் பட்டறையை இங்கே நடத்தினார். ரோமப் பெருமக்களின் ஆடைக்கரையை அலங்கரித்த நிறம் அது. இன்று அத்தீவு எலியனோரா வல்லூறுகள் குஞ்சு பொரிக்கும் காப்பிடம் என்பதால், விரும்பியபடி இறங்கிவிட முடியாது.

இதுவரை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். இதற்குப் பிறகுதான் நீங்கள் வற்புறுத்த வேண்டும். கொத்தளத்தின் அடியில் உள்ள துயா மரப் பட்டறைகளோடு பலர் பயணத்தை முடித்துவிடுகிறார்கள். அவற்றைப் பாருங்கள்; அந்த மரத்தின் வேர்முண்டில் இழைத்த பெட்டியைத் திறந்தால் எழும் மணத்தை நான் மறந்ததில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல், நினைவின் இல்லம் என்று பொருள்படும் 'பைத் தாகிரா'வுக்கும், அதன் பிறகு யூதர் குடியிருப்பான மெல்லாவுக்கும் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

சுல்தான் தம் துறைமுகத்துக்கு யூத வணிகக் குடும்பங்களை வரவழைத்து, அவர்களுக்கு வீடும் முதலும் சலுகையும் தந்தார். 'சுல்தானின் வணிகர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். சகாராவைக் கடந்து ஒட்டக வரிசைகளில் வந்த தீக்கோழி இறகும் பிசினும் தந்தமும் இவ்வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. ஐரோப்பாவிலிருந்து துணியும், சீனத்துப் பச்சைத் தேயிலையும் வந்தன. இன்று மொராக்கோவில் எந்த வீட்டுக்குப் போனாலும் புதினா போட்டுக் கொடுக்கும் தேநீர் அந்த நாட்டின் பழக்கமாக வேரூன்றியதில் இத்துறைமுகத்துக்குப் பங்கு உண்டு. ஒரு காலத்தில் ஊர் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர்கள். செல்வர்கள் அரண்மனைப் பகுதியான கஸ்பாவிலும், ஏழைகள் நெருக்கடியான மெல்லாவிலும் வாழ்ந்தார்கள். இஸ்ரேல் உருவான 1948-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் பெரும்பாலோர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். உப்புக்காற்றில் அரித்துப்போன மெல்லாவின் வீடுகள் பல இடிந்துவிட்டன. சிமோன் அத்தியாஸ் தொழுகைக்கூடத்தைச் சீரமைத்து உருவாக்கிய பைத் தாகிராவுக்கு 2020 ஜனவரியில் அரசர் ஆறாம் முகம்மது நேரில் வந்தார். போனவர்களின் நினைவை ஓர் ஊர் இவ்வாறு பேணி வைத்திருப்பதைக் காணாமல் திரும்பினால் எஸ்ஸவீராவைப் பார்த்ததாக ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, சித்னா பிலால் ஸாவியா. ஸாவியா என்றால் இஸ்லாமிய ஆன்மிக வழிபாட்டுக் கூடம். அதே சகாரா வழியில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தவர்களே க்னாவா மக்கள். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, இஸ்லாத்தின் முதல் பாங்கொலியை எழுப்பிய பிலாலின் பெயரை அவர்கள் தம் ஸாவியாவுக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று நரம்புள்ள கிம்ப்ரி என்ற நரம்பிசைக் கருவியும், கைகளில் பிடித்துத் தட்டும் இரும்புச் சிப்ளாக்களும் கொண்டு இரவு முழுவதும் நடக்கும் அவர்களின் சடங்கிசையை யுனெஸ்கோ 2019-இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1998 முதல் இங்கே க்னாவா இசை விழாவும் நடைபெற்றுவருகிறது. இறகும் தந்தமும் வந்த கதையைச் சொல்லும் வழிகாட்டி மனிதர்கள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: நம்பகமான வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மொராக்கோவில் வழிகாட்டிகளுக்கு அரசின் உரிமம் உண்டு, படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார்கள். நீங்கள் தங்கும் விடுதியில் சொல்லி ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது. நான் முதல் முறை போனபோது அட்டை இல்லாத ஒருவர் இனிக்க இனிக்கப் பேசி அழைத்துச் சென்றார். இரண்டு மணி நேரத்தில் மூன்று கடைகளையும் ஒரு வாயிலையும் பார்த்தேன். அன்று வருந்தியது பணத்துக்காக அன்று, போன பொழுதுக்காக. கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், கடைகளுக்குப் போவதா இல்லையா என்ற மூன்றையும் கிளம்புமுன் பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி. அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். மதீனா சமதரையில் இருக்கிறது. உள்ளே கார்கள் வருவதில்லை. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து விடுதி வாசலில் சேர்த்துவிடுவார்கள். கொத்தளத்தின் மேல் ஏறுவதை மட்டும் அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். காற்றுத்தான் அவருக்குத் தொல்லையாக இருக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடற்காற்று விடாமல் வீசும். மராகேஷ் கொதிக்கும் கோடையிலும் இங்கே மாலையில் காதை மூடச் சால்வை வேண்டும்.

உணவில் கவனம் தேவை. ஏழு காய்கறி கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை உணவு) என்று எழுதியிருந்தாலும் குழம்பை இறைச்சியோடு வேகவைத்திருப்பார்கள். ஹரீரா சூப்பிலும் அப்படியே. 'பிலா ல்ஹம்' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதோடு இறைச்சிச் சாறும் கூடாது என்று வழிகாட்டியைக் கொண்டு சொல்லச் சொல்லுங்கள். உலர்ந்த அவரைப்பருப்பைக் கடைந்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் பிஸாரா, கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், நம் பரோட்டாவைப் போல அடுக்கடுக்காக வரும் மிசெமென் ஆகியவை அவருக்கு ஏற்றவை. மிசெமெனுக்குத் தொட்டுக்கொள்ள அம்லூ கேளுங்கள். வறுத்த பாதாம், தேன், ஆர்கான் எண்ணெய் மூன்றையும் சேர்த்து அரைத்தது. காலையில் அதையும் புதினாத் தேநீரையும் கொடுத்தால் மதியம்வரை தாயாருக்குப் பசி எடுக்காது.