லஃபாயெட்டில் வார இறுதி: உள்ளூர்க்காரர்கள் எங்கே போவார்கள்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து லஃபாயெட்டில் இரண்டு நாள் தங்குகிறீர்கள், நியூ ஆர்லியன்ஸ் வேண்டாம், கேஜன் (கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்), கிரியோல் (பிரெஞ்சு, ஆப்பிரிக்க வழிவந்தவர்கள்) மக்கள் போகிற இடம்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல முடிவு.

சனிக்கிழமை சீக்கிரம் எழுந்துவிடுங்கள். இங்கே கொண்டாட்டம் காலையிலேயே தொடங்கிவிடும். மாமூ என்ற சிற்றூரில் ஃபிரெட்ஸ் லவுஞ்ச் என்றொரு மதுக்கடை. சனிக்கிழமை காலையில்தான் திறப்பார்கள். அக்கார்டியன், ஃபிடில், பிரெஞ்சுப் பாட்டு எல்லாம் வானொலியில் நேரலையாகப் போகும். தாத்தா பாட்டிகள் காலை ஒன்பது மணிக்கு வால்ட்ஸ் ஆடுவதைப் பார்க்கவே போகலாம். அவ்வளவு தூரம் முடியாதென்றால் பக்கத்தில் ப்ரோ பிரிட்ஜ் இருக்கிறது. அங்கே காலைச் சாப்பாட்டோடு சைடிகோ ஆட்டம். சைடிகோ கறுப்பினக் கிரியோல் மக்களின் இசை. மார்பில் மாட்டிய நெளித் தகரத்தைச் சுரண்டித் தாளம் போடுவார்கள். கேஜன் இசையும் இதுவும் ஒன்றென்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!

வழியில் ஸ்காட் ஊரில் பூடான் வாங்கிக்கொள்ளுங்கள். பன்றி இறைச்சியும் சோறும் அடைத்த குடல் அது. தட்டெல்லாம் தேவையில்லை, காரிலேயே பிதுக்கிச் சாப்பிடுவதுதான் வழக்கம்.

ஞாயிறுக்கு லேக் மார்ட்டின். சைப்ரஸ் மரங்கள், தொங்கும் பாசி, முதலைகள், வசந்தத்தில் கூடு கட்டும் கரண்டிவாயன்கள். நண்டு மாதிரி தோலுரித்துத் தின்னும் க்ராஃபிஷ் வேண்டுமானால் மார்ச் முதல் மே வரை வாருங்கள். டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ் தொழிற்சாலை உள்ள ஏவரி தீவு, நேரம் மிஞ்சினால் மட்டும்.