ஆயாவின் பட்டுப்புடவையைக் கிட்டாரில் ஒட்டலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கியாட் மரத்தில் நானே ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்திருக்கிறேன். ஒயரிங் போட்டு வாசித்தும் பார்த்துவிட்டேன், பெயிண்ட் வேலைதான் பாக்கி. ஆயாவின் பழைய மாம்பழ மஞ்சள் காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்று மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. அதைக் கிட்டாரின் முகப்பில் ஒட்டி, மேலே கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடிக்க ஆசை. ஆயா "எடுத்துக்கோ" என்கிறார். அம்மா "கத்தரியே வைக்காதே" என்கிறார். நான் என்ன செய்ய? தீபாவளிக்குள் முடியுமா?

பதில்: தம்பி, புடவை ஆயாவுடையது. அவர் சரி என்றால் சரிதான். அம்மாவின் மனசும் நோக வேண்டியதில்லை. புடவை ஐந்தரை மீட்டர். உங்கள் கிட்டாரின் முகப்போ அரை மீட்டர் நீளம்கூட இருக்காது. முந்தானையைத் தொடவே தொடாதீர்கள். கொசுவத்துக்குள் போகிற பகுதியில், மடிப்புத் தழும்பு இல்லாத இடமாகப் பார்த்து, கரையோடு சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள். முந்தானையை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.

கிட்டாரில் இப்படி ஒட்டுவது புதிதல்ல. 1968-ல் ஃபெண்டர் கம்பெனி, பூப்போட்ட பசைத்தாளை டெலிகாஸ்டர் கிட்டாரில் ஒட்டியே விற்றது. எல்விஸ் பிரெஸ்லியின் மேடைகளில் ஜேம்ஸ் பர்ட்டன் வாசித்த இளஞ்சிவப்பு கிட்டார் அந்த வகைதான். தாளின் வெட்டு விளிம்பு தெரியாமலிருக்க, ஓரத்தைச் சுற்றி வண்ணம் அடித்து உள்நோக்கி மங்கலாக்கிவிட்டார்கள். உங்களுக்கும் அதுதான் வழி. துணியை வளைத்துப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், மூலைகளில் சுருக்கம் விழும். முகப்போடு நிறுத்தி, புது பிளேடால் சீவிவிட்டு, ஓரத்துக்கு அரக்கு நிறமோ கறுப்போ அடியுங்கள்.

பட்டைத் தொடுவதற்கு முன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் போய் (போர்டில் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று இருக்கும்) ஜரிகை போட்ட மலிவான துணி கொஞ்சம் வாங்குங்கள். மிச்சமிருக்கும் கியாட் துண்டில் அதை ஒட்டி, கிளியர் அடித்து, தேய்த்து, கடைசிவரை செய்து பாருங்கள். அப்புறம் ஆயாவின் பட்டில் ஒரு கைக்குட்டை அளவை அதே மாதிரி ஒட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் நேரே கிட்டாருக்குப் போவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பட்டு நனைந்தால் கண்ணாடியாகிவிடும். கிளியர் பட்டதும் அடியிலுள்ள பழுப்பு மரம் தெரிய ஆரம்பிக்கும், ஆயாவின் மாம்பழ மஞ்சள் அழுக்கு மஞ்சளாகிவிடும். அதனால் துணிக்கு அடியில் பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் கட்டாயம் வேண்டும். அதற்கும் அடியில், மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) இரண்டு கை, அதாவது இரண்டு கோட். கியாட் மரத்தின் சாறு ரத்தச் சிவப்பு. மரத்திலுள்ள நிறம் பெயிண்ட் வழியாக மேலே ஊறி வராமல் ஷெல்லாக் தடுக்கும்.

பழைய பட்டின் சாயமும் ஓடலாம். வெள்ளைப் பஞ்சில் தண்ணீர், மெத்தலேட்டட் ஸ்பிரிட், தின்னர் மூன்றையும் தனித்தனியாகத் தொட்டு, துணியின் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். எதில் பஞ்சு நிறம் ஏறுகிறதோ அது உங்கள் கிட்டார் பக்கமே வரக்கூடாது.

ஒட்டுவதற்குச் சாதாரண கோல்ட் க்ளூ (மரவேலைக்கான வெள்ளைப் பசை) போதும், ஆனால் பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டாதீர்கள். பசை பட்டில் ஊறித் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளை பெயிண்ட் மேல் பசையை மெல்லியதாக இரண்டு முறை பூசி, முழுக்கக் காயவிடுங்கள். துணியை விரித்து, மேலே கேக் சுடும் தாளை வைத்து, ஆவி இல்லாமல் மிதமான சூட்டில் அயர்ன் பண்ணுங்கள். பசை இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். கரையின் ஒரு நூலைக் கிட்டாரின் நடுக்கோட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆறு தந்தி நேராக ஓடப்போகிறது. கரை ஒரு நூல் சாய்ந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கழுத்து உட்காரும் பள்ளத்துக்குள் துணி போகக்கூடாது. பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), ஒயரிங் பள்ளங்களின் ஓரத்திலும் ஒட்ட வெட்டிவிடுங்கள். அசல் ஜரிகை வெள்ளிக் கம்பி, மின்சாரம் கடத்தும். ஒரு பிசிறு, ஒயர் சொருகும் ஜாக்கின் சிக்னல் முனையையும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டால் போதும், சத்தமே வராது.

கிளியரைக் கேனில் வரும் நைட்ரோ லேக்கரில் அடிக்க வேண்டாம் என்பேன். அது மாதக்கணக்கில் சுருங்கும், நெசவு மறுபடி புடைத்துத் தெரியும். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர்தான் இதற்குச் சரி. ஆனால் அதை வீட்டு கராஜில் நீங்களே அடிக்கக்கூடாது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வரும், தூசிக்குப் போடும் மாஸ்க் அதைத் தடுக்காது. தெரிந்த பேனல் பீட்டரிடம் (கார் பாடி பழுதுபார்த்து பெயிண்ட் அடிப்பவர்) கொண்டுபோங்கள், அவரிடம் ஸ்ப்ரே பூத் இருக்கும். முதல் இரண்டு கையைத் தூறலாக மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் துணி குடித்துவிட்டுக் குமிழியிடும். அது காய்ந்தபின் மூன்று கை தாராளமாக.

ஒரு வாரம் விட்டு 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். இங்கேதான் கை மெதுவாகப் போகவேண்டும். காஞ்சிபுரத்தில் கரையையும் உடலையும் கோர்த்து நெய்திருந்தால் அந்தச் சேர்ப்பில் ஒரு மேடு இருக்கும். ஜரிகையும் பட்டைவிட உயரம். தாள் முதலில் அங்கேதான் கடிக்கும். கிளியரைத் தாண்டிவிட்டால் தங்க முலாம் போய் வெள்ளி தெரியும், அதைச் சரிசெய்ய முடியாது. பள்ளங்களில் பளபளப்பு மிச்சமிருந்தாலும் நிறுத்திவிட்டு, இன்னொரு சுற்றுக் கிளியருக்குக் கொடுங்கள். இரண்டாவது சுற்று காய்ந்த பிறகு 800, 1500, 2000 என்று போய் காம்பவுண்டால் பாலிஷ்.

தீபாவளிக்குத் தாராளமாக முடியும். ஓரத்து வண்ணம், ஷெல்லாக் வேலைகளை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் ஷெல்லாக் வெள்ளையாகப் பூத்துவிடும். குளிர்காலத்தில் அந்தத் தொல்லை குறைவு. இன்னும் போடவேண்டிய ஸ்க்ரூ ஓட்டை ஏதாவது இருந்தால் துணி ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒட்டிய பிறகு ட்ரில் வைத்தால் பட்டு நூல் பிட்டில் சுற்றிக்கொண்டு உருவி வந்துவிடும்.