ஊருக்கு வெளியே புது நகர்: குடிபோகலாமா?

வீடு, மனை பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மதுரை செல்லூரில் 9,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கணவருக்கு சிம்மக்கல்லில் வேலை. பிள்ளைகள் ஏழாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். திருமங்கலம் ரோட்டில், 16 கிலோமீட்டர் தள்ளி, ஒரு புது நகரில் இரண்டு படுக்கையறைத் தனி வீடு 32 லட்சத்துக்குச் சொல்கிறார்கள். போன வருஷம் பொட்டலாகக் கிடந்த இடத்தில் இப்போது நூறு வீடு எழும்பிவிட்டது. இந்த மாதமே முன்பணம் கட்டாவிட்டால் விலை ஏறிவிடுமாம். போகலாமா?
- செல்லூர் வாசகி

பதில்: முதலில் மாதக் கணக்கைப் போட்டுவிடுவோம். கையிலிருந்து 8 லட்சம் போட்டு 24 லட்சம் கடன் வாங்கினால், 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 20,830 ரூபாய். கணவரின் வண்டி போக வர 32 கிலோமீட்டர். மாதம் 25 நாளைக்கு 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 18 லிட்டர் பெட்ரோல், அதாவது 1,800 ரூபாய்க்கு மேல். பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் 3,000, குடிநீர் கேன் 500, நகர்ப் பராமரிப்பு 1,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 27,000-ஐத் தாண்டுகிறது. இப்போது கொடுக்கும் வாடகையைவிட 18,000 அதிகம். வீட்டு வருமானம் மாதம் 60,000-க்குக் கீழே என்றால் இந்த விலை உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

பத்திரச் செலவு தனி. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 2,88,000 ரூபாய். இதை வங்கி கடனில் சேர்க்காது. கேட், ஜன்னல் கொசுவலை, இன்வெர்ட்டர், அலமாரி என்று குடிபோகிற மாதம் இன்னும் ஒன்றரை, இரண்டு லட்சம் இழுக்கும். ஆகவே 8 லட்சம் போதாது. கையில் 12 லட்சத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, நூறு வீடு எழும்பியதை வைத்து நகர் வளர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எழும்பிய வீடு வேறு, குடியிருக்கிற வீடு வேறு. வார நாளில் இரவு எட்டு மணிக்கு ஒரு சுற்று போய் விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுங்கள். காலையில் பால் போடுகிறவரையும் கேன் தண்ணீர் போடுகிறவரையும் பிடித்து எத்தனை வீட்டுக்குப் போடுகிறார்கள், சித்திரை வைகாசியில் கேன் எத்தனை கூடுகிறது என்று கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள். நூறில் முப்பது வீட்டில்தான் ஆள் என்றால், மீதி எழுபதும் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவை. அங்கே கடை வராது, பஸ் கூடாது, இரவு எட்டரைக்கு மேல் பெண் பிள்ளை டியூஷன் முடிந்து நடந்து வர முடியாது.

அப்படிப் பூட்டிக்கிடக்கும் வீடுகளே உங்களுக்கு ஒரு வழியும் தருகின்றன. அதில் ஒன்றை 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள். ஒரு கோடையும் ஒரு அடைமழையும் அங்கே கழியட்டும். பள்ளியை மட்டும் கல்வியாண்டின் நடுவில் மாற்ற வேண்டாம்.

விலை ஏறிவிடும் என்ற அவசரத்தில் பெருந்தொகை எதையும் கட்டிவிடாதீர்கள். ரியல் எஸ்டேட் சட்டத்தின் (ரெரா) 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்களுக்கு அந்த வரம்பு 3,20,000. அதற்கு மேல் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: நாங்கள் பார்த்த நகரில் 100 வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர், 600 அடி. தண்ணீர் நன்றாக இருக்கிறது. பேனா மாதிரி மீட்டரை முக்கி டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 480 என்று காட்டினார்கள். நம்பலாமா?
- கூடல் நகர் வாசகர்

பதில்: 600 அடி என்பது ஆழம்தான், எவ்வளவு தண்ணீர் தரும் என்பதற்கு அது கணக்கில்லை. மதுரைச் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் கடினப் பாறை. பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர். ஒரு போரில் பீய்ச்சும், இருபதடி தள்ளிப் போட்டால் புழுதி பறக்கும்.

ஊற்றை நீங்களே அளக்கலாம். சித்திரையில் போங்கள். மோட்டாரை ஓடவிட்டு 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய பிறகு மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாவது அளவுதான் உண்மையான அளவு. இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540, நூறு வீட்டுக்கு 54,000 லிட்டர். மோட்டார் தினமும் 9 மணி நேரம் ஓட வேண்டும். ஊற்று பாதியாகக் குறைந்தால் 18 மணி நேரம். அந்த நிலையில் மோட்டார் காயில் கருகுவதும் வழக்கம்தான். மாற்று மோட்டார் உண்டா, செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

லாரித் தண்ணீரை நம்பினால் இன்னொரு சிக்கல். 12,000 லிட்டர் லாரி வரும். உங்கள் தரைத்தொட்டி 6 அடிக்கு 6 அடி, 5 அடி ஆழம் என்றால் கொள்ளளவு 5,000 லிட்டர்தான். மீதியைப் பக்கத்து வீட்டோடு பங்கு போட வேண்டும், இல்லையென்றால் லிட்டருக்குக் கூடுதல் விலை கொடுத்துச் சின்ன லாரி பிடிக்க வேண்டும்.

தரத்துக்கு வருவோம். டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பேனா மீட்டர் ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ கழிவுநீர்க் கிருமியையோ தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து முழு அறிக்கை வாங்குங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 1.5-க்கு மேல் கூடவே கூடாது. நைட்ரேட் 45, கடினத்தன்மை 200. கடினத்தன்மை 600-ஐத் தாண்டினால் கீஸரும் குழாயும் உப்புக் கட்டிவிடும். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, பிடித்த தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

கிருமியை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், புது நகர்களில் பாதாளச் சாக்கடை கிடையாது என்பதுதான். வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், ஓர் உறிஞ்சுகுழி. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டர், அதாவது 59 அடி இடைவெளி வேண்டும். 30-க்கு 40 மனையின் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! ஆளாளுக்கு வீட்டுக்குள் போர் போடத் தொடங்கினால் அந்த இடைவெளியைக் காப்பாற்றவே முடியாது. அந்த வகையில் ஓரமாக ஒதுக்கிப் போட்ட பொது போர் மேல். அதைச் சுற்றி யார் யார் வீட்டுக் குழி இருக்கிறது என்று நடந்து பாருங்கள்.

கேள்வி: ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு மனைப்பிரிவு. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் இருக்கிறது. சென்ட்டுக்கு ஒரு லட்சம் மலிவு. வாங்கலாமா?
- உத்தங்குடி வாசகர்

பதில்: வேண்டாம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. அங்கீகார எண் வேண்டும். மொத்த நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது பன்னிரண்டரை சென்ட் அளவுக்கு இருந்தாலோ, எட்டு மனைக்கு மேல் இருந்தாலோ ரெரா பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத மனைக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, கட்டட அனுமதியும் சிக்கல். அந்த ஒரு லட்சம் மலிவுக்குக் காரணம் அதுதான்.

அங்கீகாரம் உள்ள நகரிலும் பலர் பார்க்காத ஒன்று உண்டு. சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா? உங்கள் மனைக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் இது தெரியாது. மனை பிரிப்பதற்கு முந்தைய பழைய சர்வே எண்ணுக்கு 30 வருட வில்லங்கம் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். தானப் பத்திரம் அதில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் தெருவிளக்குக்கும் சாலைக்கும் ஊராட்சியில் மனு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிறுவனம் மொத்த நிலத்தையும் அடமானம் வைத்திருந்தால் அதுவும் அதே வில்லங்கத்தில் தெரியும். உங்கள் மனையை விடுவித்த கடிதம் வங்கியிடமிருந்து வராமல் பத்திரம் போடாதீர்கள்.

கேள்வி: கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு நகர். வாசலில் நின்றால் தண்ணீர் தெரிகிறது, காற்று அள்ளுகிறது. மழைக்காலத்தில் பயமில்லை என்கிறார்கள்.
- மாடக்குளம் வாசகி

பதில்: வீடு கரைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். மடைப் பக்கம், அதாவது கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலத்தில் வீடு இருந்தால் கண்மாய்த் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிறீர்கள். உள்வாய்ப் பக்கம் என்றால் நீர்ப்பிடிப்பிலேயே இருக்கிறீர்கள். இரண்டைவிட மோசம் மறுகால் பாயும் வழி, அதாவது கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் பாதை. பத்து வருடம் கண்மாய் பெருகாமல் கிடந்தால் அந்த வழி வெறும் பள்ளமாகத் தெரியும், மண்ணடித்து மனை போட்டுவிடுவார்கள். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய் ஓரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரையில் எல்லோரும் பார்த்தோம்.

கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) மூன்றையும் எடுத்து, ஓடை, வாய்க்கால் என்று எங்கே குறித்திருக்கிறது என்று மனை வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். வரைபடத்தில் ஓடி வரும் வாய்க்கால் நகரின் எல்லையில் திடீரென்று நின்றுபோனால் அது எங்கே போனது என்று கேளுங்கள். பிறகு பக்கத்து ஊர்ப் பெரியவர் யாரிடமாவது மறுகால் எந்தப் பக்கம் போகும் என்று விசாரியுங்கள். வீட்டுத் தளமும் முக்கியம். தெருவின் நடுமட்டத்திலிருந்து இரண்டரை, மூன்றடி உயரமாவது இருக்கட்டும். ரோடு போடப் போட உயரும், வீடு உயராது.

கேள்வி: கள்ளிக்குடிப் பக்கம் கட்டி முடித்த வீடு. கரிசல் மண். ஜன்னல் மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறது. பூச்சு விரிசல்தான் என்கிறார் பில்டர்.
- திருமங்கலம் வாசகர்

பதில்: பூச்சில் வலைபோல் நாலாபக்கமும் ஓடினால் அது பூச்சு விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் மறுபக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் அஸ்திவாரம் அசைகிறது என்று பொருள். கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எபாக்ஸி பசையால் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது.

கரிசலில் சாதாரண கல் அஸ்திவாரம் நிற்காது. அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண், குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலே கான்கிரீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வீட்டை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ரெராவில் பதிவான வீட்டை வாங்கியவர்களுக்கு ஒரு தகவல்: ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பட்டி பார்த்து வர்ணம் அடித்து மூடுவதற்கு முன் படம் எடுத்து, பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது. சுற்றி வாங்கிப் போட்டால் லாபம்தானே?
- பழங்காநத்தம் வாசகர்

பதில்: அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. முதல் மாணவர்கள் 2022-ல் சேர்ந்தது ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில். தோப்பூரில் கட்டட வேலை முறையாகத் தொடங்கியது 2024-ல். அடிக்கல்லை நம்பிக் கடன் வாங்கி மனை போட்டவர்கள் இடைப்பட்ட ஐந்து வருடமும் வட்டி கட்டினார்கள். எய்ம்ஸ் பெயரால் விலையை ஏற்கெனவே ஏற்றித்தான் உங்களுக்கு விற்கிறார்கள். குடியிருக்க வாங்குவதானால் மேலே சொன்ன தண்ணீர், மண், மறுகால் மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். லாபத்துக்கென்றால், கடன் இல்லாத பணத்தில் மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் நான்கு மூலைக்கும் கல் நட்டு, உட்பிரிவு செய்து தனிப்பட்டா எடுத்து, வருடம் ஒருமுறை சீமைக்கருவேலை வெட்டுங்கள்.