பேரனுக்கு ஸ்க்ரூ, பாட்டிக்கு மட்டும் ஏன் ஸ்டீல் பந்து?
எலும்பு, மூட்டு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

மன்னார்குடி வாசகி: வணக்கம் டாக்டர். ஒரே மாசத்துல எங்க வீட்ல ரெண்டு பேருக்கு இடுப்பு உடைஞ்சு போச்சு. மாமியாருக்கு வயசு 76, கொல்லையில பாசி வழுக்கி விழுந்தாங்க. கொழுந்தனார் மகனுக்கு 31, நெல்லு மூட்டை ஏத்திட்டு நின்ன டிராக்டர்ல பைக்கை விட்டுட்டான். ரெண்டு பேருக்குமே தொடை எலும்போட கழுத்துல முறிவு, விலகியிருக்குன்னாங்க. அவனுக்கு அன்னிக்கே மூணு ஸ்க்ரூ போட்டு முடிச்சுட்டாங்க, இவங்களுக்கு பந்தையே எடுத்துட்டு ஸ்டீல் பந்து வெச்சுட்டாங்க. காசுக்காக பண்ணிட்டாங்கன்னு சொந்தக்காரங்க பேசறாங்க, நெஜமா?

இல்லம்மா, ரெண்டு பேருக்குமே சரியாத்தான் பண்ணியிருக்காங்க. இடுப்பு பந்துக்கு, அதாவது தொடை எலும்போட உருண்டையான மேல் முனைக்கு, ரத்தம் பெரும்பாலும் கீழேருந்து கழுத்து வழியாத்தான் ஏறுது, நம்ம ஊர் கடைமடை வயல் மாதிரின்னு வெச்சுக்குங்க, மேல வாய்க்கா உடைஞ்சா மொதல்ல காயறது அதுதான். கழுத்து உடைஞ்சு எலும்பு விலகிட்டா அந்த ரத்தக்குழாயெல்லாம் அறுந்தோ நசுங்கியோ போயிடும், அப்புறம் பந்து செத்துப்போகலாம், இல்ல எலும்பு ஒட்டாமலே நிக்கலாம். அந்த ஆபத்து ரெண்டு பேருக்கும்தான், ஆனா 31 வயசுல செயற்கை மூட்டு வெச்சா அவன் ஓடற ஓட்டத்துக்கு அது தேஞ்சு போயி பின்னாடி மாத்த வேண்டி வரும், அதனால சொந்த பந்தை காப்பாத்தத்தான் மொதல்ல பார்ப்போம், சீக்கிரமா, விலகின எலும்பை துல்லியமா சேர்த்து வெச்சு ஸ்க்ரூ போடணும். கொஞ்ச வாரம் அந்த காலை ஊன விடமாட்டாங்க. நல்லா நடக்கறானேன்னு செக்கப்பை விட்டுடாதீங்க, பந்து சாகறது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு கூட எக்ஸ்ரேல தெரியும்.

மாமியார் கதை வேற. எலும்பு மெலிஞ்சிருக்கும், ஸ்க்ரூ பிடிக்காது, பிடிச்சாலும் ஒரு கால்ல நில்லுங்கன்னா 76 வயசுல எப்படி நிப்பாங்க? ஸ்க்ரூ நழுவினா இன்னொரு ஆபரேஷன். பந்தை மாத்திட்டா மறுநாளே வாக்கர் பிடிச்சு முழு பாரம் ஊனி நிக்கலாம். அதுலயும் பந்து மட்டும் மாத்தறது உண்டு, பைபோலார்னு சொல்வாங்களே அது அந்த வகைதான், நல்லா நடமாடிட்டு இருந்த ஆளா இருந்தா பந்து உக்கார்ற இடுப்பெலும்பு கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டா மாத்தறதும் உண்டு. அவங்களுக்கே எலும்பு விலகாம இருந்திருந்தா வெறும் ஸ்க்ரூவே போட்டிருக்கலாம். சொந்தக்காரங்க முறிவை மட்டும்தான் பார்த்தாங்க, வயசை பார்க்கல போல.

திருத்துறைப்பூண்டி வாசகர்: அப்பாவுக்கு 81. கழுத்துக்கு கொஞ்சம் கீழ உடைஞ்சிருக்கு, உள்ள ராடு வைக்கணும்ங்கறாங்க. சுகர் இருக்கு, ஹார்ட்டுக்கும் மாத்திரை சாப்பிடறாரு. நாட்டு வைத்தியசாலையில கட்டு போட்டு படுக்க வெச்சுடலாமான்னு அம்மா கேக்கறாங்க.

தம்பி, அம்மா கேக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. அந்த எடத்துல ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், ஆபரேஷன் இல்லாமலே எலும்பு ஒட்டக்கூட செய்யும். ஆனா அதுக்கு ரெண்டு மூணு மாசம் மல்லாந்து படுக்கணும், 81 வயசு சுகர்காரருக்கு அந்த படுக்கைதான் எமன். படுக்கைப்புண், நெஞ்சுச்சளி முத்தி நிமோனியா, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறது, யூரின் இன்ஃபெக்ஷன்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். கட்டால இடுப்பை பிடிச்சு நிறுத்தவும் முடியாது, சுத்தி இருக்கற சதை இழுத்துக்கிட்டே இருக்கும், கடைசில கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கமா திரும்பி ஒட்டிக்கும். ராடு ஆபரேஷனுக்கு சின்ன சின்ன கீறல்தான், பெரும்பாலும் முதுகுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மட்டும் மரத்துப்போக வெச்சே பண்ணிடலாம். முறிவு சிதறாம இருந்தா ராடுக்கு பதிலா பிளேட்டும் பெரிய ஸ்க்ரூவும் போடுவாங்க, அதுவும் நல்லதுதான்.

உடம்பு தேறட்டும்னு பத்து நாள் தள்ளிப்போடறது ரொம்ப பேர் பண்ற வேலை, அதுலதான் உடம்பு இன்னும் கெடுது. முடிஞ்சா 24லேருந்து 48 மணி நேரத்துக்குள்ள முடிக்கறது நல்லது. ஹார்ட் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, சீட்டையும் மாத்திரை அட்டையையும் மயக்க டாக்டர்கிட்ட காட்டுங்க, ரத்தம் நீர்க்கற மாத்திரை எது, கடைசியா எப்ப சாப்பிட்டாருன்னு சொல்லுங்க. ஆட்டோல உக்கார வெச்சு கூட்டிட்டு போகாதீங்க, ரெண்டு காலுக்கு நடுவுல தலையணை வெச்சு படுக்க வெச்சு 108ல போங்க. திருவாரூர்லயும் தஞ்சாவூர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டு போங்க.

கும்பகோணம் வாசகி: அம்மாவுக்கு பந்து மாத்தி ஒரு மாசம் ஆச்சு. தரையில உக்காந்து சாப்பிடலாமா? கோயில்ல நமஸ்காரம் பண்ணலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மொதல் மூணு மாசம் சம்மணம், குத்துக்கால், தாழ்வான மோடா எதுவும் கூடாது, பந்து நழுவிடும். நின்னபடியே கும்பிடட்டும், பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. டாய்லெட்டுக்கு உயரமான சேர் போடுங்க. அப்புறம் எதுவரைக்கும் வளையலாம்னு ஆபரேஷன் பண்ணவரைத்தான் கேக்கணும், எந்தப் பக்கமா மூட்டை திறந்தாங்கங்கறதை பொறுத்து அது மாறும்.

சீர்காழி வாசகர்: ஒரு பக்கம் உடைஞ்சவங்களுக்கு அடுத்த பக்கமும் உடையுமா?

உடையலாம். நின்ன எடத்துலேருந்து விழுந்தே இடுப்பு உடைஞ்சிருந்தா எலும்பு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம், ஆபரேஷனோட விட்டுடறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. வைட்டமின் டி பாருங்க, கால்சியம் கொடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை போடற எலும்பு ஊசி ஒத்துக்குமான்னு கேளுங்க, அதுக்கு முன்னாடி கிட்னி டெஸ்ட் பார்க்கணும். ராத்திரி தூக்க மாத்திரை சாப்பிடறாங்களா, கண்ணுல புரை இருக்கான்னும் பாருங்க, அப்புறம் கொல்லைப்பக்கம் ஒரு லைட் போட்டு சுவத்துல கைப்பிடி அடிங்க.