ஜோவிடம் அவன் ஏன் சொல்லவில்லை?

அண்ணாச்சிக்கு வணக்கம்,

‘பரியேறும் பெருமாள்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். கதை நடக்கிற 2005-இல் நான் ஒன்றாம் வகுப்பு. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் பரியன், கூடப் படிக்கிற ஆதிக்க சாதிப் பெண் ஜோவைக் காதலிக்கிறானா, இல்லையா? கல்யாண மண்டபத்தில் அத்தனை நடந்தும் அவளிடம் வாயே திறக்கவில்லை. நண்பர்கள் தியாகம் என்கிறார்கள், எனக்குக் கோழைத்தனமாகப் படுகிறது.

செ., அம்பாசமுத்திரம்

அன்புள்ள செ.,

ரெண்டும் இல்லை. அந்த மண்டபத்து அறையை இன்னொரு தடவை பாருங்கள். ஜோ கூப்பிட்டாளே என்று அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவனை அறைக்குள் அடைத்துவைத்து அடிக்கிறார்கள், அவன் மேல் மூத்திரம் பெய்கிறார்கள். இதை எந்த வாயால் அவளிடம் போய்ச் சொல்வான்? அடிபட்டதைச் சொல்லிவிடலாம், சிறுமைப்பட்டதைச் சொல்ல நாக்கு எழாது. கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிற அப்பாவைக் கல்லூரிக்குக் கூட்டிவரக் கூசி, வேறு யாரையோ அப்பா என்று நிறுத்திய பையன் அவன். பிறகு சொந்த அப்பாவையே கூட்டிவருகிறான். அவன் வளர்ந்தது அங்கேதான், காதலில் இல்லை.

காதலா என்று கேட்டால், அவனுக்கே தெரியாது என்றுதான் சொல்வேன். வகுப்பில் இங்கிலீஷ் புரியாமல் அவமானப்பட்டவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி கிடைக்கிறாள், அது என்னவென்று அவன் யோசித்துப் பார்ப்பதற்குள் அவள் வீட்டு ஆட்கள் முடிவு பண்ணிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் அப்போது கல்லூரிக்குள் சிரித்துப் பேசுகிற பையனும் பெண்ணும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள், வீட்டு போன் ஹாலில் இருக்கும், மணி அடித்தால் அப்பாதான் எடுப்பார்.

சரி, எனக்குப் படத்தோடு ஒரு வழக்கு உண்டு. அது ஜோ. அவள் அப்பாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், சாதி மாறிப் பழகுகிறவர்களைக் குலசாமிக்குச் செய்கிற கடன் மாதிரி கொலை செய்கிற அந்தத் தாத்தாவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. ‘அவ விவரம் தெரியாத புள்ள’ என்று பெண்ணைப் பெற்றவர்கள் இங்கே பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அப்படி வளர்க்கப்பட்டவள் அவள். இயக்குநர் மாரி செல்வராஜ் அதை அச்சு அசலாகக் காட்டியிருக்கிறார், அதில் குறையில்லை. ஆனால் பரியன் வளர்கிறான், கடைசியில் ஜோவின் அப்பாவும்கூட அவனோடு நின்று ரெண்டு வார்த்தை பேசும் அளவுக்கு வருகிறார், இவள் மட்டும் முதல் நாள் கல்லூரிக்கு வந்த மாதிரியே டீ குடிக்கப் போகிறாள். கடைசிக் காட்சியில் வருகிற அந்த ரெண்டு டீ கிளாசையும் நடுவில் பூவையும் எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ, எங்கள் வீட்டு ஆட்கள் உன்னை என்ன செய்தார்கள் என்று அவள் ஒரு தடவை கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

கேட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்பதும் படத்திலேயே இருக்கிறது. அந்தத் தாத்தா பெண்ணென்று பார்ப்பதில்லை. பரியனுக்கு இது தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும், அதனால் அவன் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று நாமே நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

ஜோ பக்கத்திலிருந்து யாராவது இந்தக் கதையை எடுக்கட்டும். திருநெல்வேலியில் முதல் ஷோவுக்கு உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவைக்கிறேன்.